பூங்காவுக்குப் போகாத நாட்களில் ஓட்டல் பார்த்தது

கும்மிடிப்பூண்டியில் என்னை இன்றைக்கும் ‘அமெரிக்கா போய் வந்த டீச்சர்’ என்றுதான் சொல்வார்கள். காய்கறிக் கடையில், ஸ்டேஷனில், ரேஷன் வரிசையில், எங்கே நின்றாலும் யாராவது ஒருத்தி பிடித்துக்கொள்வாள்.

“அமெரிக்காவுல இன்னா டீச்சர் பாத்தீங்க?”

“ஓட்டல் பாத்தேன்” என்பேன். விளையாட்டுக்குச் சொல்கிறேன் என்று நினைத்துச் சிரிப்பார்கள். விளையாட்டு ஒன்றும் இல்லை. நான் அந்த நாட்டில் பார்த்தது ஓர் ஆஸ்பத்திரி, ஒரு நாள் ஒரு கேளிக்கைப் பூங்கா, மிச்ச நாளெல்லாம் ஓட்டல்கள். தங்குவதற்கும் இல்லை, சாப்பிடுவதற்கும் இல்லை. சும்மா உள்ளே போய்ச் சுற்றிப் பார்த்துவிட்டு வெளியே வருவதற்கு.

எமர்ஜென்சிக்கு முந்தின வருஷம் அது. என் மகள் சித்ராவுக்கு அப்போது பத்து வயது. பிறவியிலேயே இருதயத்தில் ஓட்டை. மாதம் தவறாமல் மெட்ராஸுக்குப் பாசஞ்சர் வண்டியில் கூட்டிப்போவேன். பெரிய டாக்டர்கள் குழாயை வைத்துப் பார்ப்பார்கள், மருந்து எழுதுவார்கள், “ஓட விடாதீங்க, மாடி ஏற விடாதீங்க, அழ விடாதீங்க” என்று சொல்லி அனுப்புவார்கள். ஒரு பிள்ளையை அழவே விடாமல் எப்படி வளர்ப்பது என்று மட்டும் யாரும் சொன்னதில்லை.

என் வீட்டுக்காரருடைய தம்பி சம்பத் அமெரிக்காவில் புளோரிடா பக்கம் இஞ்சினியராக இருந்தான். கல்யாணம் ஆகாத பையன். இந்த மாதிரி ஓட்டையை அங்கே சர்வசாதாரணமாகத் தைத்து மூடுகிறார்கள், உடனே கூட்டி வாருங்கள் என்று அவன்தான் எல்லா ஏற்பாடும் செய்தான். என் வீட்டுக்காரருக்கு எண்ணூர்ப் பக்கம் மின்நிலையத்தில் வேலை, லீவு கிடைக்கவில்லை. சின்னவன் முரளிக்கு ஆறு வயது; விட்டுவிட்டுப் போக ஆள் இல்லை. ஆக நான், இரண்டு பிள்ளைகள், ஒரு மூட்டை அரிசி.

ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் சோதனை. என் இங்கிலீஷ் கரும்பலகை இங்கிலீஷ். அந்த டாக்டர் பேசினது எனக்கு ஒரு வார்த்தை பிடிபடவில்லை. சம்பத்தைத் தனியாக அறைக்குள் கூப்பிட்டார்கள். வெகுநேரம் கழித்து வெளியே வந்தான். முகம் கழுவியிருந்தான், முன்முடியெல்லாம் ஈரம்.

“இன்னா சொன்னாரு?” என்றேன்.

“ரிசல்ட்டு வர நாலு நாள் ஆவும் அண்ணி. வந்தப்புறம் ஆபரேஷனுக்கு நாள் குறிப்பாங்களாம். அதுவரைக்கும் பசங்கள அந்தப் பூங்காவுக்குக் கூட்டிக்கினு போலாம். லீவு போட்டுட்டேன்” என்றான்.

அந்தப் பூங்கா உலகப் பிரசித்தம். அதைச் சுற்றி ஏரி, ஏரியைச் சுற்றி ஓட்டல்கள். எல்லாம் ஒரே கம்பெனிக்காரருடையது. எங்களுக்குச் சம்பத் அறை எடுத்தது அதிலெல்லாம் இல்லை, வெளியே சாலையோரத்தில். நம் ஊர் சத்திரம் போல நீளக் கட்டடம், வரிசையாகக் கதவு, ஒவ்வொரு கதவுக்கும் எதிரே ஒரு கார். வராந்தாவில் ஒரு பெட்டி இருந்தது, பொத்தானை அமுக்கினால் ஐஸ்கட்டி கொட்டும். முரளி காலையில் எழுந்ததும் பல்கூடத் தேய்க்காமல் அதனிடம் போய் நின்றுகொள்வான்.

முதல் நாள் பூங்கா. போன சுருக்கிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது, இது சித்ராவுக்கான இடம் இல்லை. சுற்றுகிறது, சாய்கிறது, மேலே ஏறிக் கீழே விழுகிறது. வேகமான ஆட்டம் ஒவ்வொன்றின் வாசலிலும் ஒரு பலகை. சித்ரா அந்த வருஷம்தான் இங்கிலீஷ் எழுத்துக்கூட்டப் பழகியிருந்தாள். மூன்று நான்கு பலகை பார்த்ததுமே அந்த ஒரு வார்த்தையைக் கண்டுபிடித்துவிட்டாள். “இங்கயும் ஹார்ட்டுன்னு போட்டுகீதும்மா” என்று விரல் வைத்துக் காட்டுவாள். இருதயக் கோளாறு உள்ளவர்கள் ஏறக் கூடாது. அடுத்த பலகை. அடுத்த பலகை. காசைக் கொட்டி வந்த நாட்டிலும் என் பெண்ணை வாசலிலேயே நிறுத்துகிறார்களே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பொம்மைகள் பாடும் படகு ஒன்றில் மட்டும் ஏறினாள். சாயங்காலம் உதடு நீலம் பாரித்துவிட்டது. சம்பத் அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு காருக்கு நடந்தான். இனி இங்கே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

“மிச்ச நாளு இன்னா பண்றது? ரூம்லயே உக்காந்துக்கினு ஐஸ்கட்டி எண்ணுவானா இவன்?” என்றேன்.

சம்பத் யோசித்துச் சொன்னான். “ஓட்டலுங்கள சுத்திக் காட்டலாம் அண்ணி. ஒவ்வொண்ணும் ஒவ்வொரு தினுசு. ரயிலு போவுது, படகு போவுது. யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. அங்க தங்கற ஆளு மாரி நடந்தா போதும்.”

நூல் புடவை, கையில் தூக்குப்பாத்திரம், தோளில் பிளாஸ்க். தங்குகிற ஆள் மாதிரி எப்படி நடப்பது?

இரண்டாம் நாள் போன ஓட்டலில் கட்டடத்தின் வயிற்றுக்குள்ளேயே ரயில் போனது. பொய் சொல்லவில்லை. ஒரு பக்கச் சுவரில் நுழைந்து மறுபக்கச் சுவரில் வெளியே போனது, ஒற்றைத் தண்டவாளத்தில், சத்தமே இல்லாமல். எங்கள் பக்கத்துப் பாசஞ்சர் பேசின் பிரிட்ஜில் சிக்னலுக்காக நின்றுகொண்டு போடும் சத்தத்தில் ஊரே எழுந்துவிடும்.

“ஐயோ, ரயிலு ஊட்டுக்குள்ள போவுதும்மா!” என்று முரளி கத்தினான். ஹாலில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். தங்குகிற ஆள் வேஷம் அதோடு கலைந்தது. ஆனால் ஒருவரும் கோபிக்கவில்லை. வாசலில் ஜரிகைத் தொப்பி வைத்தவர் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, வாங்க வாங்க என்கிற மாதிரி தலையாட்டினார். மவுண்ட் ரோட்டில் பெரிய ஓட்டல் வாசலில் மழைக்கு ஒதுங்கினதற்கே ஒரு கூர்க்கா என்னை விரட்டியிருக்கிறான்.

மெத்தை போட்ட நாற்காலிகளில் உட்கார்ந்தோம். மத்தியானம் நான் தூக்குப்பாத்திரத்தைத் திறந்தேன். சித்ராவுக்கு உப்பு ஆகாது. தயிர் சாதம் உப்பில்லாமல் பிசைந்து எடுத்துப்போயிருந்தேன். சம்பத்துக்கு உடம்பெல்லாம் கூசியது. அவன் எங்களுக்காகக் கடையில் வாங்கி வந்தது இரண்டு ரொட்டிக்கு நடுவே பச்சைத் தழை. ஆட்டுக்கு ஒடித்துப் போடுவது போல அத்தனை தழை. அதைக் காசு கொடுத்து வாங்குகிறவனுக்குத் தயிர் சாதத்தைப் பார்த்து என்ன கூச்சம் என்று கேட்டேன்.

“இந்த ஊர்லயாவது கொஞ்சம் உப்பு போடும்மா” என்றாள் சித்ரா. எப்போதும் சொல்கிறதுதான். “ஆபரேஷன் ஆவட்டும், அப்புறம் ஊறுகா பானையவே உன்னண்ட குடுத்துடறேன்” என்றேன். அதுவும் எப்போதும் சொல்கிறதுதான். சம்பத் எழுந்து ரயிலைப் பார்க்கப் போய்விட்டான்.

பக்கத்து நாற்காலியில் வெள்ளைக்காரக் கிழவி ஒருத்தி கம்பளி பின்னிக்கொண்டிருந்தாள். அவளுடைய பேரன்கள் அந்தப் பெரிய ஹாலில் குறுக்கும் நெடுக்கும் ஓடினார்கள். எங்கள் முரளியும் அவர்களோடு கலந்துவிட்டான்; பாஷை ஒரு தடையாகவே இல்லை. திரும்பி வந்த சம்பத்திடம் கிழவி கேட்டாள்: “இந்தப் பெண் மட்டும் ஏன் உட்கார்ந்தே இருக்கிறாள்?” பயணக் களைப்பு என்று அவன் சொன்னான். “பாவம், ஒரு தூக்கம் போட்டால் சரியாகிவிடும்” என்று கிழவி சித்ராவுக்கு ஒரு மிட்டாய் கொடுத்தாள். சம்பத் இதையெல்லாம் எனக்கு மொழிபெயர்த்தபோது அந்தப் பொய்க்காக அவன்மேல் எனக்கு நன்றியாகத்தான் இருந்தது.

அன்றைக்குச் சாயங்காலம் ரயில் ஏறும்போது ஒரு கூத்து. கதவு தானாகத் திறக்கும், தானாக மூடும். முரளி முதலில் தாவி ஏறினான். நான் சித்ராவை மெல்ல நடத்திக்கொண்டு வருவதற்குள் கதவு மூடிவிட்டது. கண்ணாடிக்குப் பின்னால் அவன் வாய் அகலத் திறந்து ‘அம்மா’ என்பது தெரிகிறது, சத்தம் கேட்கவில்லை. ரயில் போயே போய்விட்டது. பக்கத்தில் சித்ரா “தம்பி!” என்று ரயிலோடு ஓட ஆரம்பித்தாள். நான் கத்தினது பிள்ளையைக் காணோமே என்று இல்லை. “ஓடாதடி!” என்றுதான் கத்தினேன்.

அது ஏரியைச் சுற்றி வருகிற ரயில். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தது. ரயில்காரர் ஒருவர் முரளியைக் கையைப் பிடித்து இறக்கிவிட்டார். அவன் கையில் ஒரு பலூன், முகத்தில் சிரிப்பு. “இன்னொரு வாட்டி மூடிக்குமாம்மா?” என்று கேட்டான். நடுமுதுகில் ஒன்று வைத்தேன்.

மூன்றாம் நாள் படகில் போனோம். தென்கடல் தீவு மாதிரி கட்டின ஓட்டல் என்றான் சம்பத். இறங்கிப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கூரை வேய்ந்த மாதிரி வீடுகள், தென்னை, மணல், கரையில் கட்டுமரத்துக்குத் தம்பி மாதிரி ஒரு படகு. பழவேற்காட்டில் போய் நின்றது போல் இருந்தது. சுவரில் வலையைத் தொங்கவிட்டிருந்தார்கள். ஒரு நாளும் தண்ணீர் படாத வலை. கிட்டே போய் மோந்துகூடப் பார்த்தேன், மீன் வாடையே இல்லை. எங்கள் பள்ளிக்கூடத்துக்குப் பழவேற்காட்டிலிருந்து பிள்ளைகள் வருவார்கள். அவர்கள் அப்பன்மார்கள் இப்படிப்பட்ட கூரையை மாற்றி ஓடு போட ஆயுசு முழுக்கப் பாடுபடுகிறார்கள். இங்கே அதே மாதிரி கூரைக்கடியில் ஒரு ராத்திரி படுக்க ஜனங்கள் முன்கூட்டியே பேர் கொடுத்துக் காத்திருக்கிறார்களாம்.

“நம்ம ஊரு மாரியே கீதும்மா” என்றாள் சித்ரா. இத்தனை நாளில் முதல்முறையாக அவள் முகம் தெளிந்திருந்தது. அதற்காகவே அந்தப் பொய்க் கூரையை மன்னித்துவிட்டேன்.

ஓட்டலின் நடுக்கூடத்தில் ஓர் அருவி. பாறை, செடி, மேலேயிருந்து தண்ணீர் விழுந்து கீழே ஒரு சின்னக் குளமாக நின்றது. குனிந்து பார்த்தேன். குளத்தின் அடியில் முழுக்கக் காசு. வருகிறவர்கள் கண்ணை மூடிக்கொண்டு ஒரு காசைப் போட்டுவிட்டு நகர்ந்தார்கள். ஒரு கர்ப்பிணி போட்டாள். ஊன்றுகோல் வைத்த ஒருவர் போட்டார். எனக்குச் சட்டென்று புரிந்துவிட்டதாகத் தோன்றியது. காசு போட்டு வேண்டிக்கொள்கிறார்கள் என்றால், இது இவர்களுடைய வேண்டுதல் குளம்.

நான் பிறந்தது திருவள்ளூர். எங்கள் ஊர்க் கோயில் குளத்தில் வெல்லம் கரைப்பது வழக்கம். நோயாளியை நினைத்துக்கொண்டு ஒரு கட்டி வெல்லத்தைத் தண்ணீரில் விட்டால், அது கரைகிற மாதிரி நோயும் கரைந்துபோகும். சித்ராவுக்காக எத்தனையோ அமாவாசைக்குப் போய்க் கரைத்திருக்கிறேன். என் வீட்டுக்காரர் அதற்கெல்லாம் வர மாட்டார். யூனியன் ஆள், கோயில் வாசலில் செருப்புக்குக் காவல் நிற்பதோடு சரி. அப்பேர்ப்பட்டவர் நாங்கள் கிளம்புகிற அன்றைக்கு ஒரு வெல்லக்கட்டியைத் தினசரிக் காகிதத்தில் சுற்றி என் பையில் வைத்தார். “அங்க எங்கனா கொளம் கெடச்சா பாரு” என்றார். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். விமான நிலையத்தில் ஓர் அதிகாரி அதை மோந்து, நகத்தால் சுரண்டி, நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

குளத்தங்கரையில் உட்கார்ந்தேன். சம்பத் பிள்ளைகளுக்குக் கிளியைக் காட்டிக்கொண்டிருந்தான். வெல்லத்தை எடுத்து, இரண்டு கையிலும் பொத்தி, தண்ணீருக்குள் பிடித்துக்கொண்டேன். சுற்றிலும் தண்ணீர் பழுப்பாகப் பரவியது. பெருமாளே, எந்த ஊர்த் தண்ணீராக இருந்தால் என்ன, உனக்குத் தெரியாத தண்ணீரா என்று கேட்டுக்கொண்டேன்.

காவல்காரன் ஒருவன் ஓடி வந்தான். மண்ணைக் கொட்டுகிறேன் என்று நினைத்தானோ என்னவோ, கையை எடு எடு என்று சத்தம் போட்டான். நான் எடுக்கவில்லை. பாதிதான் கரைந்திருந்தது; பாதியில் எடுக்கக் கூடாது. தரை துடைத்துக்கொண்டிருந்த ஒரு கறுப்புப் பெண்மணி துடைப்பத்தோடு வந்து நின்றாள். கூட்டம் சேர்ந்துவிட்டது. சம்பத் பிள்ளைகளைக் கிளியிடமே விட்டுவிட்டு ஓடி வந்தான்.

“இன்னா அண்ணி இது? எழுந்துருங்க. பேஜாரா பூடும்” என்றான்.

“வேண்டுதல்னு சொல்லு. அவுங்க மட்டும் போடறாங்கல்ல?”

“அவுங்க சும்மா தமாசுக்குப் போடறாங்க அண்ணி. இது கோயில் கொளம் இல்ல, மோட்டரு வெச்சி எறைக்கற தண்ணி.”

“கரையட்டும், எழுந்துர்றேன். கொழந்தைக்கு ஒடம்பு சரியில்ல, நோயி கரையத்தான்னு சொல்லேன். அவன் மட்டும் மனுசன் இல்லியா?”

சம்பத் காவல்காரனைப் பார்த்து இங்கிலீஷில் ஆரம்பித்தான். இரண்டு வாக்கியம் சொல்லியிருப்பான். மூன்றாவதில் குரல் உடைந்துவிட்டது. அத்தனை பேருக்கு நடுவில், கோட்டுப் போட்ட இஞ்சினியர், சின்னப் பிள்ளை போல விசும்பி விசும்பி அழுதான். காவல்காரன் தொப்பியைக் கழற்றிவிட்டான். அந்தப் பெண்மணி அவனிடம் என்னவோ சொன்னாள். சம்பத் பிறகு சொன்னான்: “கரைந்து முடியட்டும், நான் துடைத்துக்கொள்கிறேன், நீ போ” என்றாளாம்.

கூட்டம் கலைந்தது. நான் கையைத் தண்ணீரிலிருந்து எடுக்காமலே கேட்டேன். “அவங்கிட்ட இன்னாடா சொன்னே?”

அவன் கோட்டுக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

“சம்பத்து. இன்னா சொன்னே?”

“முடியாதாம் அண்ணி” என்றான். “டாக்டரு அன்னிக்கே சொல்லிட்டாரு. ரொம்ப வருசமா ரத்தம் வேகமாப் பாஞ்சி பாஞ்சி நுரையீரலு கெட்டுப்போச்சாம். இப்பப் போயி ஓட்டைய மூடுனா டேபிள்லயே போயிடுமாம். சின்னதுலயே, ரெண்டு மூணு வயசுலயே மூடியிருக்கணுமாம். இனிமே யாராலயும் முடியாதாம். இருக்கற வரைக்கும் சந்தோசமா வெச்சிக்கங்கன்னாரு.”

“நாலு நாளுன்னியே?”

“எனக்கு வாய் வரல அண்ணி.”

எனக்கு வந்த கோபத்தை இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை. “பாவி! அதுக்கா என்ன ஓட்டல் ஓட்டலா காட்டிக்கினு இருந்தே? என் புள்ள சாவப்போவுது, நான் ரயிலப் பாத்து வாயப் பொளந்துக்கினு இருந்தனா?” என்று கேட்டேன். அடிக்கக் கையை ஓங்கினேன். கையில் தண்ணீர் ஒழுகியது, உள்ளே ஒன்றும் இல்லை. வெல்லம் எப்போதோ கரைந்து முடிந்திருந்தது. ஓங்கின கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் புடவையில் துடைத்துக்கொண்டேன்.

கிளிக் கூண்டின் பக்கத்திலிருந்து சித்ரா எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். தூரம்தான், கேட்டிருக்காது. கிட்டே வந்ததும், “ஏன் சித்தப்பா அழுவுறாரு?” என்று கேட்டாள். போலீஸ்காரன் திட்டிவிட்டான் என்றேன். “அவ்ளோ பெரிய ஆளுகூட திட்டுனா அழுவாங்களா?” என்றாள் முரளி பக்கம் திரும்பி. இருவரும் சிரித்தார்கள்.

திரும்பும்போது படகு மாறி ஏறிவிட்டோம். அது எங்கேயோ காட்டுப் பக்கம் கூடாரம் போட்டுத் தங்குகிற இடத்துக்குக் கொண்டுபோய் விட்டது. அடுத்த படகு வரும் வரைக்கும் ஒரு மரப்பலகையில் உட்கார்ந்திருந்தோம். சுற்றிலும் குடும்பம் குடும்பமாக அடுப்பு மூட்டி இறைச்சி வாட்டிக்கொண்டிருந்தார்கள். யார் பிள்ளையோ வந்து முரளியின் கையில் ஒரு சோளக்கதிரைத் திணித்துவிட்டு ஓடியது. கும்மிடிப்பூண்டி ஸ்டேஷன் வாசலில் சுட்டு விற்பது போலவே இருந்தது, ருசிதான் இல்லை. நான் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு, என் வீட்டுக்காரரிடம் இதை எப்படிச் சொல்லப்போகிறேன் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். என்ன சொன்னாலும் அவர் முதலில், கரைச்சியா என்றுதான் கேட்பார். கரைத்தேன் என்று எந்த வாயால் சொல்வது.

நான்காம் நாள் நான் எங்கேயும் வரவில்லை என்று சொல்லிவிட்டேன். முரளி ஐஸ்கட்டியோடு வந்து நின்றான். “இன்னிக்கி எந்த ஓட்டலு சித்தப்பா?” என்று கேட்டான். சித்ரா அதற்குள் தலை வாரி, ரிப்பன் கட்டி, கட்டில் ஓரத்தில் தயாராக உட்கார்ந்திருந்தாள். சம்பத் என்னைப் பார்த்தான். பிறகு நானே தூக்குப்பாத்திரத்தைக் கழுவினேன்.

கடைசி ஓட்டல் கோல்ஃப் ஆடுகிறவர்களுக்கானது. ஆர்ப்பாட்டமே இல்லை. மரத்தில் கட்டினது, உயரம் குறைவு. ஹாலில் இரண்டு பேர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு கிழவர் எங்களைப் பார்த்து, “வழி தவறி வந்துவிட்டீர்களா?” என்று தன்மையாகக் கேட்டாராம். ஆமாம் என்று சம்பத் சொன்னான். அதுவாவது உண்மை.

பின்பக்கக் கதவைத் திறந்ததும் புல்வெளி. நான் அப்படி ஒரு புல்லைப் பார்த்ததில்லை. கண்ணுக்கெட்டிய வரை பச்சை, லேசாக இறங்கிப் போகிற சரிவு, கல் இல்லை, முள் இல்லை, மாட்டுச் சாணம் இல்லை. எங்கள் பள்ளிக்கூட மைதானத்தில் கருவேல முள்ளைப் பொறுக்கிவிட்டுத்தான் பிள்ளைகளை விளையாட விடுவேன். அந்த நேரம் ஆடுகிறவர்கள் யாரும் இல்லை. முரளி கூவிக்கொண்டு சரிவில் இறங்கி ஓடினான். விழுந்தான், உருண்டான், எழுந்தான், மறுபடி ஓடினான்.

சித்ரா என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எப்போதும் நிற்கிற மாதிரி, ஒரு காலை முன்னே வைத்து. தம்பி உருளும்போதெல்லாம் அவள் விரல் என் உள்ளங்கைக்குள் ஒரு துடி துடித்தது. பத்து வருஷமாக இந்தக் கையை நான் பிடித்துவைத்திருக்கிறேன். பள்ளிக்கூடத்தில், தெருவில், கல்யாண வீட்டில், எந்த ஆட்டத்திலும் சேர விட்டதில்லை. ஆபரேஷன் ஆகட்டும், ஆகட்டும் என்று தள்ளிப்போட்டேன். இனிமேல் எதற்காகப் பிடித்துவைத்திருக்கிறேன்? இருக்கிற வரைக்கும் சந்தோஷமாக வைத்துக்கொள் என்று அந்த மனுஷன் சொல்லியிருக்கிறார். பிள்ளைக்கு வேறு என்ன சந்தோஷம் இருக்கிறது?

கையை விட்டேன். “சித்ரா, நீயும் போயி ஓடு” என்றேன்.

அவள் புல்லைப் பார்க்கவில்லை. நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். திரும்பிச் சம்பத்தைப் பார்த்தாள். அவன் சட்டென்று முதுகைக் காட்டிக்கொண்டான்.

“டாக்டரு முடியாதுன்னுட்டாராம்மா?” என்று கேட்டாள்.

“ஐயோ, இல்லடி கண்ணு, யாரு சொன்னா? நான் சும்மா சொன்னேன். ஓடாத, வாணாம், வா, இப்பிடி வந்து உக்காரு” என்று அவள் கையை எட்டிப் பிடித்தேன். சொன்னது சொன்னதுதான்.

அவள் அழவில்லை. என் கையை மெதுவாக விலக்கினாள். குனிந்து இரண்டு செருப்பையும் கழற்றினாள். ஒன்றோடொன்று சேர்த்து என் கையில் கொடுத்தாள்.

“நீ பயப்படாத. மெதுவாத்தாம்மா ஓடுவேன்” என்றாள்.